ஒரு பூச்சுச் சுண்ணாம்பு

தேர்தல் தேதி அறிவிப்பு வந்துவிட்டால் நாகர்கோவிலில் முதல் வேலை சுண்ணாம்புக்குத்தான். வேட்பாளர் யாரென்று கட்சிக்காரர்களுக்கே தெரியாத நேரத்தில், வாளியும் மட்டையுமாக ஆட்கள் தெருவில் இறங்கியிருப்பார்கள். அரசுக் கட்டடம் என்றால் 24 மணி நேரம், பொது இடம் என்றால் 48, தனியார் சுவர் என்றால் 72. அதற்குள் அரசியல் எழுத்தும் படமும் போயாக வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் கணக்கு. உதயசூரியன், இரட்டை இலை, கை, தாமரை, அரிவாள் சுத்தியல் நட்சத்திரம் எல்லாவற்றின் மேலும் ஒரே வெள்ளை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இரண்டு சின்னங்களை மறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். குமரி மாவட்டத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. 1969 இடைத்தேர்தலில் காமராஜரை மக்களவைக்கு அனுப்பியதும் இந்த ஊர்தான். 1996இல் பத்மநாபபுரத்திலிருந்து பா.ஜ.க.வின் முதல் உறுப்பினரைத் தமிழகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியதும், 2004இல் மார்க்சிஸ்ட் கட்சிக்காரரை டெல்லிக்கு அனுப்பியதும் இந்த மாவட்டம்தான். சுவருக்கும் அதற்கேற்ற நெருக்கடி.

அழிக்கிறவர் கையில் இருக்கிற இந்தச் சுண்ணாம்பு, ஆறு மாதம் முன்னால் எழுதுகிறவர் கையில் இருந்த அதே சுண்ணாம்பு. இரண்டு தரப்புக்கும் ஒரே கடை, ஒரே மூட்டை. அதன் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் விசாரிக்கலாம் என்று தோன்றியது.

குமரி முனையை ஒட்டிய கரையில் கிளிஞ்சல் ஓடுகள் இறுகிப் பாறையாகவே கிடக்கும் இடங்கள் உண்டு. மேற்கே காயல்களில் கக்கா எனும் சிப்பி. உள்நாட்டில் சுக்கான்கல். பேர் எதுவானாலும் உள்ளே இருப்பது கால்சியம் கார்பனேட். காளவாசலில் அடுக்கி ஏறத்தாழ 900 டிகிரிச் சூட்டில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, கைபட்டால் பொத்துப்போகும் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் சீறிக் கொதித்து நீறும். தொட்டியில் ஊறவைத்து, கப்பி நீக்கி வடிகட்டி, மஞ்சள் தட்டாமல் இருக்க ஒரு சிட்டிகை நீலமும், கையில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் பசையும் சேர்த்து அடித்தால் முதலில் ஒன்றும் தெரியாது. ஈரம் இழுக்க இழுக்க வெளுக்கும். விட்டுவந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொண்டு, பழையபடி கால்சியம் கார்பனேட்டாக மாறும். கடலில் ஓடாக இருந்தது காளவாசல் வழியாகச் சுற்றிவந்து சுவரில் மெல்லிய கல்தோலாகப் படிகிறது. இன்றைய எமல்ஷன் அப்படி இல்லை. அது சுவரின்மேல் ஒரு பிளாஸ்டிக் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். சுண்ணாம்பு சுவரோடு சுவராகிவிடும். இந்தக் குணம் பின்னால் வேறு கண்டங்களில் வேலை காட்டியிருக்கிறது.

நம்மூரில் அது சுவருக்கு வருவதற்கு முன்பே வெற்றிலைச் செல்லத்துக்கும் பனை உச்சிக்கும் போய்விட்டது. பதநீரை நாங்கள் அக்கானி என்போம். பாளையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால்தான் அக்கானி. தடவாமல் விட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில் பனையேறியின் கலயத்துக்குள் வெள்ளை இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது அதிகாரிகளுக்கு ஓர் உத்தியோகம். பொங்கிவர வேண்டியதைப் பொங்காமல் நிறுத்தும் பொருள் ஒன்று இருக்கிறது என்பதை சர்க்கார் பனை மரத்தடியில் நின்று கற்றிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சுண்ணாம்பின் ராஜபோக காலம் தக்கலைக்கு அருகே பத்மநாபபுரத்தில் கழிந்தது. கறாராகப் பார்த்தால் அது நாஞ்சில் நாடு ஆகாது. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்தால் நாஞ்சில் நாடு, அரண்மனை இருப்பது கல்குளத்தில். அதை விடுவோம். 1750 ஜனவரியில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, இனி நான் பத்மநாபனின் தாசன், அவன் பேரால் ஆள்கிறேன் என்று அறிவித்தார். அரண்மனையில் உப்பிரிகை மாளிகையின் மேல்தளம் பெருமாளுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த அறையின் சுவர்கள் முழுக்க ஓவியம், அனந்தசயனம் உட்பட.

இந்த வகை ஓவியத்துக்கு முதலில் சுண்ணாம்பும் மணலும் சேர்த்த காரை. அதன்மேல் சுண்ணாம்பை இளநீரில் கரைத்து இருபது, முப்பது தடவை மெல்லிசாகப் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பிறகே அடுத்தது. பிறகு செங்காவிக்கும் மஞ்சளுக்கும் கல், கருப்புக்கு விளக்குக்கரி, பச்சைக்கு அவுரிச் சாறு கலந்த கூட்டு, ஒட்டுவதற்கு வேப்பம்பிசின். வெள்ளைக்கு மட்டும் எதுவும் அரைக்க வேண்டாம். ஓவியத்தில் எங்கெல்லாம் வெள்ளை தெரிகிறதோ அங்கெல்லாம் ஓவியர் தூரிகையை வைக்கவே இல்லை. அது சுண்ணாம்புச் சுவரேதான். கண்ணின் வெண்மையும் பாற்கடலின் வெண்மையும் விட்டுவைத்த இடங்கள்.

பக்திப் படம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. போரில் பிடித்த குட்டி ராஜ்ஜியங்கள், ஒடுக்கப்பட்ட எட்டு வீட்டுப் பிள்ளைமார், பதவிக்கு உரிமை கொண்டாடிய உறவினர்கள் என்று பகை சூழ்ந்த ஓர் அரசனுக்கு, இந்த நாடு இன்னாருடையது என்று காட்டும் அரசியல் சித்திரம் அது. ஆனால் தெருவில் போகிறவன் கண்ணில் படாத அறையில் இருந்ததால் யாருக்கும் அதனால் தொந்தரவில்லை. எந்த அரசுக்கும் அதன்மேல் வெள்ளையடிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1ஆம் தேதி நிலம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் கையிலேயே தங்கிவிட்டது. தமிழ்நாட்டு மண்ணில் கேரளத் தொல்லியல் துறையின் சுவர் நிற்கிறது.

அந்தப் பழைய சமஸ்தானத்துக்குக் கருத்தை அடக்கத் தெரியாது என்றில்லை. 1910 செப்டம்பர் 26ஆம் தேதி 'சுதேசாபிமானி' பத்திரிகையின் அச்சகத்தைப் பறிமுதல் செய்தார்கள். திவான் ராஜகோபாலாச்சாரியை விடாமல் விமர்சித்த ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். திருவிதாங்கூரின் கிழக்கு வாசலான ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விட்டதோடு அவர் கதை அந்த நாட்டில் முடிந்தது. ஆசிரியரை எல்லை தாண்டி விடலாம், அச்சகத்தைப் பூட்டலாம். சுவரை என்ன செய்வது? இடித்தால் வீட்டுக்காரன் கோர்ட்டுக்குப் போவான். மிச்சமிருப்பது வாளி ஒன்றுதான்.

குமரி தமிழகத்தோடு சேர்ந்த மூன்றாவது வருஷம், 1959இல், சென்னைச் சட்டமன்றம் திறந்தவெளி இடங்களின் தோற்றம் கெடுவதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டது. இன்றுவரை சுவர் எழுத்து வழக்குகளில் பேர் அடிபடுவது இந்தச் சட்டம்தான். அதற்குள் தமிழகத்தில் சுவர் ஒரு பத்திரிகை ஆகியிருந்தது. சொந்த நாளேடு நடத்த வசதியில்லாத கட்சிக்குச் சுவர்தான் முதல் பக்கம். எழுத்தை அழிப்பதே போராட்டமாகவும் இருந்தது. 1952 ஆகஸ்டில் பெரியார் சொல்லி, ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசினார்கள். சர்க்காரின் கையில் வெள்ளை, போராடுகிறவன் கையில் கறுப்பு. அந்தத் தார்ச்சட்டி இன்னும் காயவில்லை. 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சியிலும் பாளையங்கோட்டையிலும் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தைக் கறுப்படித்தார்கள். ரயில்வே பாதுகாப்புப் படை வழக்குப் போட்டது. அழிப்பு என்றாலே அரசாங்கத்தின் வேலை என்று சொல்லிவிட முடியாது என்பதற்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

சுவர் பிடிப்பது என்பது ஒரு தனிக் கலை. தேர்தலுக்கு வெகுநாள் முன்பே நல்ல சுவராகப் பார்த்து வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் போட்டுவிட்டால் அது அந்தக் கட்சியின் சுவர். அடுத்தவன் கை வைக்க மாட்டான், வைத்தால் அடிதடி. ரேஷன் கடைக்கு எதிர்ச்சுவர், பேருந்து திரும்பும் இடத்துச் சுவர், டீக்கடை பெஞ்சிலிருந்து நேராகத் தெரியும் சுவர் ஆகியவற்றுக்குக் கிராக்கி. சட்டம் வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் கேட்கிறது. வீட்டுக்காரர் மஸ்கட்டிலோ தம்மாமிலோ இருக்கிறார். பூட்டிக் கிடக்கும் வளைகுடா வீட்டின் நீளமான காம்பவுண்டுச் சுவரைப் போல அரசியலுக்குத் தோதான இடம் எங்கள் மாவட்டத்தில் வேறில்லை.

எழுதுகிற வேலையைக் கிட்டேயிருந்து பார்க்க வேண்டும். இரண்டு கை சுண்ணாம்பு காய்ந்ததும் ஒரு நூலை நீலப்பொடியில் புரட்டி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையை இழுத்துப் பிடிக்க, நடுவில் ஒருவர் விரலால் சுண்டிவிடுவார். பட்டென்று சுவரில் ஒரு நேர்கோடு விழும். மேல்கோடு, கீழ்கோடு, கொம்புக்கும் சுழிக்கும் தனிக்கோடு. அதற்குள் பென்சில் இல்லாமல் நேரே பிரஷ். எழுத்தின் ஓரக்கோடு முதலில், நிரப்புவது பிறகு, கடைசியில் ஒரு பக்கமாக நிழல். வஜ்ஜிரப் பசை காய்ச்சிக் கலந்த காவிப்பொடிக்கு ஒரு வாசனை உண்டு, லேசாக மூக்கைச் சுளிக்க வைக்கும் வாசனை. கை தேர்ந்தவர் வேட்பாளரின் பெயர் நீளத்தைப் பார்த்ததுமே எழுத்தின் அகலத்தை முடிவு செய்துவிடுவார். தேராதவர் 'அவர்களுக்கு' என்பதைச் சுவரின் கோடியில் நெருக்கி நெருக்கி எழுதி, கடைசி 'கு'வைப் பக்கத்துத் தூணில் போடுவார். ஒரே ஆள் காலையில் அரிவாள் சுத்தியலும் மத்தியானத்துக்கு மேல் தாமரையும் வரைவதும் உண்டு. அதே கை அடுத்த வாரம் கோவில் கொடைக்கும் மாதா கோவில் திருவிழாவுக்கும் எழுதப் போகும். மேற்கே மார்த்தாண்டம் தாண்டிப் போகப் போகத் தலைவர்களின் முகங்களுக்கு நடுவே சே குவேராவின் தொப்பி முளைக்கும். களியக்காவிளை கடந்தால் எழுத்து மலையாளமாகிவிடும். சுண்ணாம்பும் சுவர் பிடிக்கும் வழக்கமும் அப்படியே தொடரும்.

இத்தனை பாடுபட்டு எழுதியதை அழிக்க வருகிறவர் அடிப்பது ஒரே கை. டெண்டர் எடுத்த சுண்ணாம்பு, தண்ணீராக ஓடும். மற்ற மாவட்டங்களில் அது ஒரு கோடை முழுக்கத் தாக்குப்பிடிக்கும். குமரிக்கு இரண்டு பருவமழை. ஜூனில் தென்மேற்கு ஒரு கழுவு கழுவும், அக்டோபரில் வடகிழக்கு இன்னொரு கழுவு. தீபாவளி சமயத்தில் பார்த்தால் தோற்ற வேட்பாளரின் பெயர் வெள்ளைக்குள்ளிருந்து வெளிறிய காவியில் எட்டிப் பார்க்கும். அவரே கட்சி மாறியிருப்பார், சுவர் மாறியிருக்காது.

தேர்தல் நேரத்து வெள்ளையைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. எல்லாக் கட்சிக்கும் ஒரே மட்டை. சில சமயம் அது வேடிக்கையாகவும் போகும். 2014 மக்களவைத் தேர்தலில் சென்னைச் சிற்றுந்துகளின் பக்கவாட்டில் வரைந்திருந்த இலைகள் இரட்டை இலையைப் போல இருக்கின்றன என்று புகார் போய், அவற்றை மறைக்கச் சொன்னது ஆணையம். இயற்கைக் காட்சி என்றது அரசுத் தரப்பு. உத்தரப் பிரதேசத்தில் மாயாவதி கட்டிய பூங்காக்களில், அவர் கட்சிச் சின்னமான யானையின் கற்சிலைகளுக்கு 2012இல் துணி சுற்றியவர்கள் இலைக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதில் ஆச்சரியமில்லை.

அழிப்பதே சரி என்று நான் கைதட்டும் இடமும் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மின்கம்பம், பாலக்கட்டை, தண்ணீர்த் தொட்டி என்று கண்ட இடமெல்லாம் சாதிக்கொரு வண்ணம் பூசி, இது எங்கள் தெரு என்று மிரட்டும் வழக்கம் இருந்தது, இருக்கிறது. சமீப வருஷங்களில் காவல்துறையே ஊர்க்காரர்களைக் கூட்டிப் பேசி அவற்றின்மேல் வெள்ளையடிக்க வைத்தது. அதைத் தணிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வராது. இன்னொருவனை அந்தத் தெருவில் நடக்கவிடாமல் செய்யப் பூசிய வண்ணம் அது.

எனக்கு உறுத்துவது தேர்தல் இல்லாத நாளில் வரும் வெள்ளை. அப்போது எல்லாச் சுவருக்கும் ஒரே மட்டை கிடையாது. அமைச்சரை வரவேற்கும் சுவர் மழையில் கரையும்வரை நிற்கும். அவரைக் கேள்வி கேட்கும் சுவர் மறுநாள் காலை பால்காரர் வருவதற்குள் வெளுத்திருக்கும். கேட்டால் சட்டப்படி என்பார்கள், அதுவும் பொய்யில்லை. சட்டம் இரண்டு சுவருக்கும் பொதுதான். வாளிதான் எல்லா இடத்துக்கும் போவதில்லை. ஒரு புத்தகத்தைத் தடை செய்தால் அரசாணை வேண்டும், காரணம் எழுத வேண்டும், எழுதிய காரணத்தை நீதிமன்றத்தில் கிழிக்கலாம். வெள்ளையடிக்க அதெல்லாம் வேண்டாம். துப்புரவு என்று கணக்கெழுதி முடித்துவிடலாம்.

இந்தத் துப்புரவு அடுத்த படிக்குப் போனது சென்னையில். மா. சுப்பிரமணியன் மேயராக இருந்தபோது, 2009-10 வாக்கில், அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் மாநகராட்சி சுவரொட்டிகளைக் கிழித்து எழுத்துகளை அழித்ததோடு நிற்கவில்லை. வெறும் வெள்ளைச் சுவர் என்றால் மறுநாளே யாராவது எழுதிவிடுவார்கள் என்று தெரிந்து, அதன்மேல் ஓவியமே வரையச் சொன்னது. தஞ்சைக் கோபுரம், மாமல்லபுரம், பரதம், ஏறு தழுவல், கிராமத்துப் பெண்கள், அருவி. வரைந்தவர்களில் பலர் பழைய பேனர் ஓவியர்கள். நாற்பதடி உயரத்துக்கு எம்.ஜி.ஆரையும் கருணாநிதியையும் ஜெயலலிதாவையும் தீட்டிப் பழகி, டிஜிட்டல் பிளெக்ஸ் வந்ததும் பிழைப்பு இழந்தவர்கள். அவர்கள் கையாலேயே அரசியல் சுவரை மூடியாயிற்று. கண்ணுக்கு அழகாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. நானும் நின்று பார்த்திருக்கிறேன். கோபுரப் படத்தின்மேல் குடிதண்ணீர் கேட்டு எழுத யாருக்குக் கை வரும்? எழுதினால் பாரம்பரியத்தை அவமதித்தவன் ஆகிவிடுவான். சுண்ணாம்பைவிடக் கெட்டிக்காரப் பூச்சு அது. பிறகு ஒவ்வொரு ஊரும் அந்த வழியில் போனது. இன்று மாவட்டத் தலைநகரங்களில் அரசுச் சுவர்களில் கைகழுவும் முறையும் மரம் நடும் குழந்தைகளும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுவர் இப்படிக் கைவிட்டுப் போனபோது சுண்ணாம்பு தரையில் இறங்கியது. கோலப்பொடி என்று இன்று கடையில் விற்பது பெரும்பாலும் வெள்ளைக்கல்லை அரைத்த மாவு. அரிசி மாவு எறும்புக்குப் போட்ட காலம் மலையேறிவிட்டது. சுக்கான்கல்லோ வேறு கல்லோ, நம் கதாநாயகனுக்கு நெருங்கிய சொந்தம். 2019 டிசம்பர் 29, மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னை பெசன்ட் நகரில் சில பெண்களும் அவர்களோடு சில இளைஞர்களும் வீட்டு வாசல்களின் முன் கோலம் போட்டார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டமும் மக்கள் பதிவேடும் வேண்டாம் என்பது கோலத்துக்குள் எழுதியிருந்த செய்தி. காவல்துறை வந்தது. அனுமதியில்லாமல் கூடினார்கள் என்று பிடித்துக்கொண்டுபோய் ஒரு சமூகக் கூடத்தில் வைத்துவிட்டுப் பிறகு விட்டார்கள். என்ன நடக்கிறது என்று கேட்கப்போன வழக்கறிஞர்களையும் பிடித்தார்கள். சில நாளில் சென்னைக் காவல் ஆணையரே செய்தியாளர்களைக் கூட்டி, கோலம் போட்டவர்களில் ஒருவருக்குப் பாகிஸ்தான் தொடர்பு உண்டா என்று விசாரிப்பதாகச் சொன்னார்.

மார்கழியில் வாசலில் கோலம் போட ஒரு தமிழ்ப் பெண் யாரிடமும் அனுமதி கேட்டதாகச் சரித்திரம் இல்லை. விடிகாலையில் போடுவது, உச்சிக்குள் காலிலும் சக்கரத்திலும் போய்விடுவது. தானே அழியும் ஒன்றை அழிக்க இத்தனை வண்டிகள் எதற்கு என்று ஊர் சிரித்தது. மறுநாள் கோபாலபுரத்தில் கருணாநிதி வீட்டு வாசலிலும், ஆழ்வார்பேட்டையில் ஸ்டாலின் வீட்டு வாசலிலும் அதே வாசகம் கோலமாக விழுந்தது, தி.மு.க. மகளிரணி தமிழ்நாடு முழுக்க அதைக் கையில் எடுத்தது. சுவரில் எழுத ஆளும் சாரமும் வஜ்ஜிரமும் வேண்டும். கோலத்துக்கு ஒரு பிடி பொடி போதும். அதை வாங்கிய கடையில் யாரும் பெயர் கேட்கப்போவதில்லை. கட்சி ஆம்பிளைகள் வெகுநாள் முன்பே பிடித்துவைக்கும் சுவரைப் போல அல்லாமல், வாசல் எப்போதும் பெண்கள் பிடித்துவைத்த இடம். கோலத்துக்கு வீட்டுக்காரர் சம்மதம் உண்டா என்று கேட்கப்போனால் போலீஸ்காரர் தன் வீட்டிலேயே மாட்டிக்கொள்வார்.

வெளியூர்களில் இந்தச் சரக்கு எப்படி நடந்துகொண்டது என்றும் பார்க்க வேண்டும். மெக்சிகோ ஓவியர் சிகெய்ரோஸ் 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில், சுற்றுலாப் பயணிகளுக்காக ஜோடித்த ஒல்வேரா தெருவில், ஒரு மாடிச்சுவரில் 'அமெரிக்கா ட்ராபிக்கால்' என்ற ஓவியத்தைத் தீட்டினார். ஏற்பாடு செய்தவர்கள் எதிர்பார்த்தது பனையும் கிளியும் பழமும். அவர் வரைந்தது சிலுவையில் அறைந்த பூர்வகுடி மனிதனையும், அவன் தலைக்குமேல் அமெரிக்கக் கழுகையும். தெருவிலிருந்து தெரியும் பகுதியை முதலில் வெள்ளையடித்தார்கள், சில வருஷங்களில் முழுவதையும். முப்பது வருஷ வெயிலில் வெள்ளை செதில் செதிலாக உதிர, அறுபதுகளின் கடைசியில் அந்த உருவம் மங்கலாகத் திரும்பி வந்தது. அப்போது அந்த நகரத்து மெக்சிகோ வம்ச இளைஞர்கள் சொந்தமாகச் சுவர் தேடிக்கொண்டிருந்த நேரம். பல வருஷப் பராமரிப்புக்குப் பிறகு 2012 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சிலியில் ரொபெர்த்தோ மத்தா 1971இல் இளைஞர் அணியோடு சேர்ந்து ஒரு பொது நீச்சல்குளச் சுவரில் வரைந்த ஓவியத்தைப் பினோசே ராணுவம் பதினாறு பூச்சு அடித்து மறைத்தது. 2008இல் மீட்டுவிட்டார்கள்.

நமக்குச் சொந்தத்திலேயே அதற்கு அண்ணன் இருக்கிறது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோவிலின் கருவறைச் சுற்றில் நுழைந்து பார்த்தபோது, நாயக்கர் காலத்து ஓவியப்படலம் உதிர்ந்த இடத்தில் அடியில் இன்னொரு ஓவியம் தெரிந்தது. சோழர் காலத்தது. ஏறத்தாழ ஆயிரம் வருஷமாகியும் நிறம் குன்றாமல் இருந்ததற்கு மேலே பூசியவர்களின் சுண்ணாம்பும் ஒரு காரணம். காற்றும் புகையும் கையும் படாமல் காத்தது அந்தக் காரைதான். நாயக்கர்கள் சோழர்களைத் தணிக்கை செய்ய நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. புதுசாக வரைய ஒரு வெள்ளைச் சுவர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் மூடியவர்களே காவல்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

நாகர்கோவிலில் இனி அந்தப் பாக்கியம் எந்தச் சுவர் எழுத்துக்கும் கிடையாது, ஏனென்றால் சுண்ணாம்பே விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. வேம்பநாட்டுக் காயல் சிப்பியிலிருந்து கோட்டயத்து டிராவன்கூர் சிமெண்ட்ஸ் வெள்ளை சிமெண்ட் செய்யத் தொடங்கியதிலிருந்தே அது வேறு வழியில் போய்விட்டது. இப்போது பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த காம்பவுண்டுச் சுவர்கள்; எழுதவந்தால் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்தே சிசிடிவியில் பார்த்துவிட்டு போன் போடுகிறார். கட்சிகளுக்கும் கவலையில்லை. பிளெக்ஸ் கடையில் காலையில் கொடுத்தால் மாலையில் தலைவர் ரெடி. சென்னை உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் மாநிலம் முழுக்க டிஜிட்டல் பேனருக்குத் தடை போட்டது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணை அருகே ஒரு கல்யாண பேனர் விழுந்து இருசக்கர வண்டியில் போன இளம்பெண் இறந்தார். அதற்குப் பிறகும் நாகர்கோவிலில் வடசேரி பக்கம் போனால் தடை எங்கே என்று தேட வேண்டும். பிளெக்ஸை அழிக்க வெள்ளையடிக்க வேண்டாம், கயிற்றை அறுத்தால் போதும். அறுத்ததைக் கோழிக்கூட்டுக்கு மேலே விரிக்கலாம். நாற்பது வருஷம் கழித்து மழையில் எட்டிப் பார்க்க அதில் எதுவும் இருக்காது.

எழுதிய கைகளின் பேர் எங்கும் பதிவாகவில்லை. குமரி மாவட்டத்துச் சுவர் எழுத்துகளுக்கு ஓர் ஆல்பம் போடலாம் என்று யாராவது கிளம்பினால், படம் கிடைக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அது தேர்தல் அலுவலகம். சுவர் எழுத்து வேட்பாளரின் செலவுக் கணக்கில் சேரும் என்பதால் கண்காணிப்புக் குழுக்கள் கேமராவோடு தெருத்தெருவாகப் போகின்றன. எத்தனை சுவர் அழித்தோம் என்று மேலிடத்துக்குத் தினமும் அறிக்கையும் போகிறது. மட்டை படுவதற்கு முந்தைய நிமிஷத்தில் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்பது, அழிக்கச் சொன்னவர்களின் கோப்பில்தான் இருக்கும். வழக்குகள் முடிந்து கெடு தீர்ந்ததும் அவற்றைப் பழைய காகிதத்தோடு கழித்துவிடாமல், எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு லாரியில் ஏற்றி அனுப்ப மாவட்ட ஆட்சியர் ஒருவர் மனசு வைத்தால் போதும்.